வானத்தைத் தொட்டால் யானை

துரைக்கண்ணு ஓவியத்தில் புலி, கணினியில் எலி. அவருக்குக் கணினி சொல்லிக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு வயது அவரில் பாதிதான். ஆனாலும் அவளை "டீச்சர்" என்றே கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது அது. பிறகு அந்தக் கேலி எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

பேச்சு வராத பிள்ளைகளின் பள்ளிக்காக அவர் ஒரு திருவிழாப் படம் வரைந்திருந்தார். பிள்ளை திரையில் எதைத் தொடுகிறதோ, அதன் பெயரைக் கணினி சொல்லும். யானை, தேர், பலூன் எல்லாம் தனித்தனி லேயர்கள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. ஒவ்வொரு லேயரும் எங்கிருந்து எதுவரை இருக்கிறதென்று அளந்து, அதன் நடுவில் தொடுமிடத்தைக் குறிக்க ஜெசிந்தா ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்னக் கணினி நிரல், எழுதியிருந்தாள். கண் இமைப்பதற்குள் அளந்து முடித்துவிடும். துரைக்கண்ணு வாயைப் பிளந்தார்.

மறுநாள் காலை படம் பள்ளிக்குப் போகவேண்டும். அவர் தொட்டுப் பார்த்தார். கீழே நின்ற யானையிடம் சத்தமே இல்லை. வானத்தைத் தொட்டபோது, "யானை" என்றது.

"உங்க ஸ்கிரிப்ட் பொய் சொல்லுது டீச்சர். வானத்துக்கு யானைன்னு பேர் கத்துக்கிட்டா, அந்தப் பிள்ளைங்க யார்கிட்ட போய்க் கேக்கும்?"

ஜெசிந்தா மற்ற லேயர்களை எல்லாம் மறைத்தாள். யானை லேயரில் எது இருந்தாலும் அதைச் சுற்றித் தடித்த சிவப்புக் கோடு விழும்படி செய்தாள். யானையைச் சுற்றிக் கோடு விழுந்தது. மேலே, இடது மூலையில், ஒன்றுமில்லாத இடத்தில் இன்னொரு சிவப்பு வட்டம்.

துரைக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. தூரிகையைத் தாளின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்காமல் அவர் எந்தப் படத்தையும் தொடங்கியதில்லை. திரைக்கு வந்த பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. இழுத்ததை அழித்தும் விட்டார். அழித்தது போக, கண்ணுக்குத் தெரியாத கறை மிஞ்சியிருக்கிறது. ஸ்கிரிப்ட் அந்தக் கறையிலிருந்து யானையின் கால்வரை அளந்திருக்கிறது. அதற்கு நடுவில் இருந்தது வானம்.

"வரைஞ்ச எனக்கே தெரியல, அதுக்குத் தெரிஞ்சிருக்கே," என்றார். அவருக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. "ஒண்ணு பண்ணுங்க டீச்சர். மங்கலா இருக்கறதையெல்லாம் கணக்குல எடுக்காதேன்னு அதுகிட்ட சொல்லிடுங்க."

அவள் மறுபேச்சில்லாமல் ஒரு வரி சேர்த்து ஓடவிட்டாள். யானையைத் தொட்டார். "யானை" என்றது. துரைக்கண்ணு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதையும் தொடுங்க சார்," என்று ஜெசிந்தா இட்லிக் கடையைக் காட்டினாள். கொப்பரையிலிருந்து எழும் ஆவியை அவர் அவ்வளவு பிரியமாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல் மங்கலாக, தனி லேயரில் வரைந்திருந்தார். தொட்டார். சத்தமில்லை. மறுபடியும் தொட்டார்.

"இந்த லேயர்ல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுது," என்றாள்.

"இருக்கே டீச்சர். நான்தானே வரைஞ்சேன்."

ஜெசிந்தா தான் சேர்த்த வரியை நீக்கினாள். யானை லேயரில் அழிப்பானைத் தேர்ந்தெடுத்து, வரையும் பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"எது கறை, எது ஆவின்னு அதுக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும்."