குன்றிமணித் தட்டு

கரகரவென்று மருந்துக் கல்வத்தில் குழவி இழுபடும் சத்தம். கொஞ்சம் நின்றது. மறுபடி கரகர. பிறகு சத்தமே இல்லை.

வைத்தியர் உலகம்மை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவரிடம் பாடம் கேட்கும் மாசிலாமணி, அரைப்பதை விட்டுவிட்டு மருந்துத் தராசைத் தூக்கிப் பிடித்திருந்தான். இரண்டு தட்டிலும் குன்றிமணிகள்.

"என்ன மருந்து அது?"

"மருந்து இல்லம்மா. என் தலையெழுத்து."

காதோரம் நரைத்த பிறகு வைத்தியம் கற்க வந்தவன். மலைக்கு அந்தப் பக்கத்து வைத்தியசாலையில், வைத்தியருக்கு நிரந்தரமாய் ஓர் உதவியாள் வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். போனால் கடைசிவரை உதவியாள். இங்கேயே இருந்தால், இன்னும் சில வருஷத்தில் அவனும் ஒரு வைத்தியர். பதில் வாங்கிப்போக எண்ணெய் வண்டிக்காரர் பூதப்பாண்டி வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வலது தட்டு, போகலாம்ங்கறது" என்றான். "நோயாளி பக்கத்துலயே இருக்கலாம். கட்டுறது, தேய்க்கிறது, தைரியம் சொல்றது எல்லாம் எனக்குப் பிடிச்ச வேலை. இன்ன மருந்துன்னு முடிவு கட்டுற பாரம் என் தலையில இல்ல. படுத்தா தூக்கம் வரும்."

"இடது?"

"வேண்டாம்ங்கறது. காரணமும் அதேதாம்மா. முடிவு என் கையில இல்ல. தெரிஞ்சாலும் கேட்டுத்தான் செய்யணும். பேரெல்லாம் அந்த வைத்தியருக்கு. எனக்கு, 'ஏய், அந்த எண்ணெய எடு.'"

"தட்டு என்ன சொல்லுது?"

"சனியன், அசையாம நிக்கிது. நீங்களாவது சொல்லுங்க."

அவர் சொல்வதற்குள் வாசலில் அலறல். பனையேறி தவசிமுத்துவை அவன் மச்சான் தாங்கிக்கொண்டு வந்தான். வலது தோள் மூட்டு நழுவித் தொங்கியது.

"மரத்துலேருந்தா விழுந்த?" என்றார் உலகம்மை.

"இல்லம்மா. இறங்கி வீட்டுக்குப் போறப்ப வரப்புல வழுக்கிட்டு."

"பனை விட்டுது, வரப்பு விடலையோ?" என்று மாசிலாமணி அவன் பின்னால் உட்கார்ந்து அணைத்துப் பிடித்தான். அந்த வலியிலும் தவசிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல கையால் மாசிலாமணியின் முன்கையைப் பற்றிக்கொண்டான்.

"எம் மூஞ்சியப் பாரு. அங்க பாக்காத. இந்த வருஷம் பதநீர் எப்படி?"

"பதநீரா... அது வந்து..."

உலகம்மை இழுத்தார். தவசிமுத்து போட்ட சத்தத்தில் வண்டிமாடு மிரண்டது. அவன் உதைத்த உதையில், கீழே வைத்திருந்த தராசு உருண்டது. மூட்டு உட்கார்ந்துவிட்டது.

கையைத் தூளியில் கட்டியதும் தவசிமுத்து உலகம்மையை ஒற்றைக் கையால் கும்பிட்டான். "தாயே, நீங்க நல்லா இருக்கணும்." படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, குனிய முடியல. அந்தச் செருப்பக் கொஞ்சம் எடுத்துப் போடுங்க."

மாசிலாமணி எடுத்துப் போட்டான்.

"பாத்தீங்களாம்மா? கும்பிடு உங்களுக்கு, செருப்பு எனக்கு." சொல்லும்போதே சிரித்துவிட்டான். குனிந்து, தரையெல்லாம் சிதறிக் கிடந்த குன்றிமணிகளைப் பொறுக்கினான். "எது எந்தத் தட்டுல இருந்துச்சோ. மறுபடியும் மொதல்லேருந்து போடணும்."

உலகம்மை அவன் முன்கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தவசிமுத்துவின் நகங்கள் பிறை பிறையாகப் பதிந்திருந்தன. ஓரிடத்தில் ரத்தம் கசிந்தது.

"வலிக்கலையா?"

அவன் அப்போதுதான் பார்த்தான். "தெரியலம்மா. அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் அதில் மஞ்சளெண்ணெய் தடவினார்.

"அந்த நேரத்துல எந்தத் தட்டு இறங்கியிருந்துச்சு?"

மாசிலாமணி உருண்டு கிடந்த தராசை எடுத்து ஓரமாக வைத்தான்.

"என்னவே பதில்?" வாசலிலிருந்து பூதப்பாண்டி குரல் கொடுத்தார். "மாடு பூட்டியாச்சு."

"அடுத்த நடையில நானும் வாறேன். வண்டியில எடம் வையும்" என்றான் மாசிலாமணி.

பொறுக்கிய குன்றிமணிகளை டப்பாவில் போட்டு மூடினான். கல்வத்தில் மருந்து பாதியில் நின்றிருந்தது. இழுத்து வைத்துக்கொண்டு அரைக்கத் தொடங்கினான்.