சின்ன உப்பும் அடுப்புக் கங்கும்

அந்தக் காலத்தில் உப்புக்கும் வாய் இருந்தது. வாய் இருந்ததால் சண்டையும் இருந்தது. மலைச்சரிவில் மாராயி என்றொருத்தியின் குடிசை. அவள் அடுப்பை ஒட்டிய மாடக்குழியில் அண்ணன் தம்பியாய் இரண்டு உப்புகள் குடியிருந்தன. பெரியவன் கறியுப்பு. சின்னவனைத்தான் இன்று லித்தியம் குளோரைடு என்று வாய் சுளுக்கச் சொல்கிறோம். லேசான பயல், இளகின மனசு.

உப்புக் குலத்துக்கு ஒரே கட்டுப்பாடு. ஈரத்தைக் கிட்டச் சேர்க்கக் கூடாது. கரைந்தால் போனது போனதுதான்.

மாராயிக்குப் பிள்ளை பிறந்த வாரம் அடைமழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்தது. குடிசைக் காற்றே சொதசொதத்தது. அடுப்பில் ஒரே ஒரு கங்கு மிச்சம். குளிரில் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது.

"அணைஞ்சிராத தாயி, எம் புள்ளைக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?" என்று மாராயி ஊதி ஊதிக் கெஞ்சினாள்.

"நான் என்ன செய்ய? இந்த ஈரக்காத்து என் கழுத்த நெரிக்குதே" என்று முனகியது கங்கு.

சின்னவனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, காத்துல இருக்கிற ஈரத்த நான் குடிச்சிட்டா?"

"கிறுக்கா! கரைஞ்சு போயிருவடா. ஊர் வம்பு நமக்கெதுக்கு?"

"அந்தப் புள்ளையப் பாருண்ணே."

சொன்னவன் மாடத்திலிருந்து குதித்தான். கங்கின் பக்கத்தில் கிடந்த ஓட்டுச் சில்லில் விழுந்து, காற்றின் ஈரத்தை மடமடவென்று குடித்தான். கொஞ்சம் குடித்து நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். பாவம், நிறுத்தத் தெரியவில்லை. கால் கரைந்தது, தோள் கரைந்தது. கடைசியில் சில்லில் கொஞ்சம் தண்ணீர்தான் கிடந்தது.

காற்று உலர்ந்தது. கங்கு சுள்ளியைப் பற்றிக்கொண்டது. கதகதப்பு பட்ட குழந்தை வீறிட்டு அழ, மாராயி சிரித்துக்கொண்டே அழுதாள். மாடத்தில் பெரியவன் மட்டும், "தம்பீ" என்று தேம்பினான்.

"அழாத. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும். உப்பையே மறந்தா எனக்கு அடுக்குமா?" என்றது நெருப்பு. சில்லின் பக்கம் சாய்ந்து மெல்லச் சூடேற்றியது. தண்ணீர் ஆவியாகப் போனது. அடியில் வெள்ளையாய் ஒரு பொடி தெரிந்தது.

"அண்ணே..." என்றது சின்னக் குரல்.

"இனிமே சொல்லாமக் குதிச்ச, கொன்னுருவேன்" என்றான் பெரியவன், அழுகை நிற்காமலே. நெருப்போ சின்னவனை வாரி அணைத்தது. அணைத்த இடமெல்லாம் சிவந்துபோனது.

அன்று முதல்தான், திறந்து வைத்தால் சின்னவன் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கரைந்துவிடுகிறான், சுடவைத்தால் திரும்பி வருகிறான்; அவனைக் கண்ட நெருப்பும் பழைய உறவை மறக்காமல் செக்கச்செவேலென்று சிவக்கிறது.