எறும்பு ஏன் மீசையத் தட்டுது

அந்தக் காலத்துல, மரமும் மாடும்கூட வாயத் தொறந்து பேசிக்கிட்டிருந்தப்ப, எல்லாரையும் விட அதிகமா பேசினது எறும்புதான். வழியில ஒருத்தி இன்னொருத்தியப் பாத்துட்டா போச்சு. சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, அந்த நொய்யில உமி ஒட்டியிருந்துச்சான்னு ஆரம்பிச்சிரும். நொய் சுமந்தவ நொய்யோட நிப்பா. பின்னாடி வர்றவ அவ முதுகுல முட்டிக்கிட்டு நிப்பா. காலையில கெளம்பின வரிசை வெல்லக்கட்டிகிட்டப் போய்ச் சேரும்போது, அங்க ஈ ஏப்பம் விட்டுக்கிட்டிருக்கும்.

வாய்க்கால் கரைக்குக் கீழ, ஒரு ஆவாரஞ்செடித் தூர்ல இருந்த புத்துல குறுமணின்னு ஒருத்தி. அவ பேசறதும் கம்மி, வேலை பாக்கறதும் கம்மி. மணல்ல ரெண்டு குழி பறிச்சு, ஒண்ணுல சர்க்கரை வைப்பா, ஒண்ணக் காலியா விடுவா. இருக்கு, இல்லை. உலகத்துல எந்தச் சேதியையும் இந்த ரெண்டுக்குள்ள அடக்கிரலாம்ங்கறது அவ கட்சி.

உக்காந்து உக்காந்து சிலது கண்டும்பிடிச்சிருந்தா. இருக்குன்னு நூறு தடவ சொன்னாலும், ஒரு தடவ சொன்னதுக்கு மேல ஒரு துளிகூடக் கூடிராது. இல்லைங்கறதயே இல்லைன்னுட்டா, பழையபடி இருக்குன்னு வந்து நிக்கும். ஒண்ணு மட்டும் பிடிபடல. ரெண்டு குழியிலயும் சர்க்கரை இருக்குன்னு ஒருத்தி சொல்லி, அது பொய்யாப் போனா, அப்ப நெசம் என்ன? மூணு நாளா அதுலயே கெடந்தா.

"உன் ஆராய்ச்சி ஒரு நொய்ய நகத்துமாடி?"ன்னு கேட்டா வடிவழகி. அந்தப் புத்துலயே பெரிய வாய்க்காரி.

"நீ வாய மூடினா ரெண்டு நொய் நகரும்க்கா."

அன்னிக்கு மத்தியானம் மழை பிடிச்சுக்கிச்சு. வாய்க்கால் பொங்கி, தண்ணி புத்து வாசலப் பாத்து வந்துச்சு. உள்ள ஏழாயிரம் முட்டை. அத்தனையையும் இட்ட ஆத்தா, கரை மேல இருக்கிற பனைமரத்துத் தூருக்குத் தூக்கிரலாம்னு சொன்னா. அங்க போக வேர் வழி ஒண்ணு, கல் வழி ஒண்ணு. ரெண்டும் நல்லா இருந்தா கூட்டத்தப் பிரிச்சு அனுப்பலாம். பாத்துச் சொல்ல வடிவழகி ஆவாரஞ்செடி உச்சிக்கு ஏறினா.

சேதி எறங்கி வரணுமே. தண்டு நெடுக நாப்பது பேர் நின்னாங்க. நாப்பது பேரும் பேச ஆரம்பிச்சா பதில் வர்றதுக்கு அடுத்த அறுவடை ஆயிரும். அதனால முதல் தடவையா எல்லாரும் குறுமணி பேச்சக் கேட்டாங்க. கேள்வி வாயால ஏறட்டும், பதில் மீசையால எறங்கட்டும். ஒரு தட்டு தட்டினா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்லை.

வேர் வழி, கல் வழி, ரெண்டும் சரியா இருக்கான்னு கேள்வி ஏறிச்சு. மீசை மீசையா எறங்கி வந்துச்சு பதில். ரெண்டு தட்டு.

ஆத்தா கண்ண மூடிக்கிட்டா. ரெண்டும் போச்சு, வாசல அடைங்கடின்னு சொல்லிட்டா. ஆளாளுக்கு மண்ணுருண்டை தூக்கினாங்க. அடைச்சா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். ஊறின மண்ணு பொழுது சாயறவரைக்கும்கூடத் தாங்காது. ஆனா வேற வழியும் தெரியல.

குறுமணி மட்டும் மண்ணத் தொடல. அவளுக்குத் தன்னோட ரெண்டு குழி கண்ணுக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. ரெண்டுலயும் சர்க்கரைங்கறது பொய்யாப் போக, ஒரு குழி காலியா இருந்தாலே போதுமே. ஓடிப் போய் வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டா.

"ஆத்தா, ரெண்டும் போச்சுன்னு மேல யாரும் சொல்லல. ஒண்ணாவது போச்சுன்னுதான் சொல்லியிருக்கு. நம்ம கேட்ட கேள்வி அப்படி."

"அப்ப இன்னொண்ணு இருக்கா?"

"அது தெரியாது. கேள்விய மாத்திக் கேளு. ரெண்டுல ஒண்ணாவது சரியா இருக்கான்னு கேளு."

மண்ணுருண்டை தூக்கினவங்க அப்படியே நின்னாங்க. தண்ணி வாசல் படிய நக்கிக்கிட்டிருந்துச்சு. புதுக் கேள்வி ஏறிச்சு. பதில் எறங்கிச்சு. ஒரே தட்டு.

அடுத்து வேர் வழியான்னு கேட்டாங்க. ரெண்டு தட்டு. கல் வழியான்னு கேக்க ஒருத்தி வாயெடுத்தா. குறுமணி தடுத்துட்டா. "அத இனிமே கேக்க வேண்டியதில்ல. தூக்குங்க முட்டைய."

ஏழாயிரம் முட்டையும் கல் மேல ஊர்ந்து ஊர்ந்து பனந்தூருக்குப் போய்ச் சேந்துச்சு, ஒண்ணுகூட நனையாம. கடைசி ஆளா ஓடி வந்த வடிவழகி, வேர் எப்படி உருவிக்கிட்டுப் போச்சு, அதுல ஒரு நண்டு எப்படி உக்காந்திருந்துச்சுன்னு ஆரம்பிச்சா. குறுமணி திரும்பி, அவ மீசையில ரெண்டு தட்டு தட்டினா. ஆத்தாவுக்குக்கூட சிரிப்பு வந்துருச்சு.

அன்னைலருந்துதான் எறும்புங்க எதிர எதிர வந்தா மீசையத் தட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்குதுங்க. எப்பவாவது ரெண்டு மட்டும் கூடக் கொஞ்ச நேரம் நின்னு தட்டிக்கிட்டிருக்கும். கதை பேசுதுங்கன்னு நெனச்சிராதீங்க. கேள்விய மாத்திக் கேக்குதுங்க.