சென்னியப்பனுக்கு ஏற்ற துப்பாக்கி

பல் டாக்டர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் மறுபடியும் மாணவனாகும் யோகம் அடித்தது. கோச் ஷாஹிதாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

துப்பாக்கி சுடும் கிளப்பில் இத்தனை வருஷமும் அவர் சுட்டது ட்ராப் என்ற வகை. மண்தட்டு எதிரே கிளம்பி, நம்மை விட்டு விலகிப் பறக்கும். துப்பாக்கியை முன்கூட்டியே தோளில் பொருத்திக்கொண்டு, தட்டை விடச் சொல்லிச் சாவகாசமாகக் குரல் கொடுக்கலாம். இப்போது ஆசைப்பட்டு வந்திருப்பது ஸ்கீட். இதில் தட்டு பக்கவாட்டிலிருந்து குறுக்கே பாயும். அது கண்ணில் படும்வரை துப்பாக்கி இடுப்பருகேதான் இருக்க வேண்டும்.

வந்த நாளிலிருந்து ஒரு தட்டுகூட உடையவில்லை. ட்ராப்பில் மெடல் வாங்கிய மனுஷர்! “என்ன டாக்டர், தட்டுக்கும் மயக்க ஊசி போட்டாத்தான் ஆகுமா?” என்று கிளப் நண்பர்கள் வாரினார்கள். இன்றும் உடையாவிட்டால் மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் காரை எடுத்தார். அந்த முடிவு அவருக்கே வலித்தது.

“தப்பு என்மேல இல்லீங்க கோச். என்னோடது ட்ராப்புக்குன்னே செஞ்ச துப்பாக்கி. குழல் நீளம். ஸ்கீட்டுக்கு எதை வாங்கலாம்னு சொல்லுங்க.”

ஷாஹிதா கிளப் துப்பாக்கிகளை எடுத்துவந்து, குழல் திறந்தபடி தாங்கியில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள்.

“சுட்டுப் பாருங்க.”

டாக்டர் ஒன்றை எடுத்துச் சுட்டார். தட்டு சேதாரமில்லாமல் போய்த் தரையில் இறங்கியது.

“எப்படி இருந்துச்சு?”

“கட்டையில வரி அழகா ஓடுதுங்க. ஆனா கன்னத்துல இடிக்குது.”

வேறொன்றை எடுத்தார். அந்தத் தட்டுக்கும் ஆயுசு கெட்டி.

“இது?”

“பூ வேலை பிரமாதம். குழல் நுனியில குறி பார்க்கறதுக்குன்னு இருக்கற மணிதான் கண்ணை உறுத்துது.”

இன்னொன்று.

“விசை கெட்டிங்க.”

“சரி, தட்டு எப்படிப் போச்சு?”

“தட்டா? அதை எங்கங்க பார்த்தேன்!”

ஷாஹிதா துப்பாக்கியை வாங்கி வைத்தாள்.

“வெறுங்கையோட நில்லுங்க. தட்டு வந்ததும் விரலை நீட்டுங்க. அது போகப் போகக் காட்டிட்டே இருங்க.”

“பார்க்கறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

ஊருக்கெல்லாம் பல் பிடுங்கிய கை, ஏரோப்ளேனைக் காட்டும் குழந்தையின் கைபோல நீண்டது. “அதோ!” அடுத்த தட்டு பறந்தது. “அதோ, அதோ!” தட்டின் மேல்பக்கம் ஆரஞ்சு நிறம் என்பதே இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஷாஹிதா தாங்கியிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். தோட்டாக்களையும் நீட்டினாள்.

“குரல் குடுங்க!”

தட்டு பாய்ந்தது. டாக்டரும் கூடவே திரும்பினார். வெடிச்சத்தம் கேட்டது. தட்டு இருந்த இடத்தில் ஒரு பிடி கரும்பொடிதான் மிதந்தது.

அடுத்ததும் பொடி.

துப்பாக்கியைத் திறந்து, காலி செய்து, தாங்கியில் சாய்த்துவிட்டு, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு குதித்தார் சென்னியப்பன். வாரிய நண்பர்களே ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அவர் இப்படிச் சந்தோஷப்பட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“இதுதான் கோச் எனக்கான துப்பாக்கி! இதே மாதிரி ஒண்ணு வாங்கிடறேன்!”

“எது டாக்டர்?”

சென்னியப்பன் தாங்கியைப் பார்த்தார். எல்லாத் துப்பாக்கிகளும் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் போய் நின்றார். கட்டையைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் மண்டையைச் சொறிந்தார்.

“தெரியலீங்களே!”

ஷாஹிதாவின் முகமெல்லாம் சிரிப்பு.

“அப்போ அதையே வாங்குங்க.”