பன்னிரண்டு நாள் குறிப்புகள்

ஆரோக்கியராஜ் தம் ஐம்பத்தேழாவது வயதில் செண்பகவல்லிக்குச் சீடரானார். குருவுக்கு வயது முப்பத்து நான்கு.

தென்காசியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில் உட்கார்ந்து செண்பகவல்லி 'ஏடு' என்ற எடிட்டரை வளர்த்துவந்தார். கம்ப்யூட்டரில் நிரல் எழுதுகிறவர்கள் அதைத் திறந்துவைத்துத்தான் எழுதுவார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எது கட்டளை, எது எண், எது மனிதர் படிப்பதற்கான குறிப்பு என்று ஏடு பிரித்துப் பார்த்து நிறம் காட்டும். ஆனால் எந்த மொழியும் அதற்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு நிரல்மொழியையும் யாராவது ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுத்தவரின் பெயர் அந்த மொழிக்கு எதிரே பட்டியலில் ஏறும்.

அந்தப் பட்டியலில் ஏற வேண்டும் என்று ஆரோக்கியராஜுக்கு ஆசை. டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பிலோமினா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற ஆறு நாளும் அவர் வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. வியாழக்கிழமை மட்டும் பஸ் ஏறி டீச்சரிடம் வந்துவிடுவார்.

அவர் எடுத்துக்கொண்ட மொழியின் பெயர் 'ஊற்று'. மலைமேல் இருக்கும் இரண்டு பம்ப் ஹவுஸ்களில் மோட்டார் ஓட்டுவதற்காக எப்போதோ ஓர் இன்ஜினியர் உருவாக்கிய சின்ன மொழி. பழைய நண்பர் ஒருவர் மூலம் அதன் கையேடு கிடைத்தது. அறுபத்து நான்கு பக்கம். ஆரோக்கியராஜ் அதை மூன்று மாதம் மனப்பாடம் செய்தார். நாற்பத்தொரு கட்டளைச் சொற்களுக்கும் நீலம் கொடுத்தார். எண்களுக்குச் சிவப்பு. குறிப்புகளை ஒரேயடியாக மடக்கி வைத்துவிட்டார். கோப்பைத் திறந்தால் அவை கண்ணில் படாது. ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி தெரியும். அதைத் தொட்டால்தான் விரியும்.

செண்பகவல்லி திரையைப் பார்த்தார்.

"குறிப்ப ஏன் அண்ணாச்சி மடக்கி வச்சிருக்கீங்க?"

"கையேட்டுலயே போட்டிருக்கு டீச்சர். குறிப்பு மெஷினுக்குத் தேவையில்லைன்னு. மடக்குனா பக்கம் சுத்தமா இருக்குல்லா."

"இத எழுதுறது யாரு?"

"மேல ஒருத்தர், கீழ ஒருத்தர். ரெண்டே ஆளு. நான் பாத்ததில்ல."

செண்பகவல்லி இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தார். "நீங்க எழுதுன நிரல்லயும் ஒரு குறிப்புகூட இல்லையே."

"யாரு படிக்கப் போறா டீச்சர்?"

அதற்கு டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஊற்றை ஏட்டில் சேர்த்துவிட்டார். பட்டியலில் ஆரோக்கியராஜின் பெயர் ஏறியது. அன்று வீட்டுக்குப் போய் அதைப் பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பார். கூப்பிட்டுக் காட்டத்தான் வீட்டில் ஆளில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை ஒரு கடிதம் காத்திருந்தது. கீழ் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் பேச்சிமுத்து, லீவில் ஊருக்கு இறங்கியபோது பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பியது. செண்பகவல்லி அதை ஆரோக்கியராஜ் பக்கம் திருப்பினார்.

'ஐயா, இலாகா ஆள் வந்து இரண்டு இடத்திலும் புது ஏடு போட்டதிலிருந்து மேல் பம்ப் ஹவுஸ் ஞானதுரை அண்ணன் எனக்கு எழுதுவதில்லை. நான் எழுதுவதையும் அழித்துவிடுகிறார். என்ன கோபம் என்று தெரியவில்லை. பழைய ஏடு கிடைக்குமா? நாங்கள் எழுதும் கோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.'

ஆரோக்கியராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணன் கோவிச்சுக்கிட்டதுக்கு நம்ம ஏடு என்ன செய்யும் டீச்சர்?"

செண்பகவல்லி சிரிக்கவில்லை. "விசாரிச்சுட்டேன். காட்டுக்குள்ள செல்போன் எடுக்காது. நடுவுல பதினோரு கிலோமீட்டர். குழாய் கூடவே போற கேபிள்ல இந்த ஒரு கோப்பு மட்டுந்தான் மேலயும் கீழயும் போயிட்டு வருது" என்றார்.

பிறகு அந்தக் கோப்பைத் திறந்து, நீலமாகவும் சிவப்பாகவும் இருந்த அத்தனையையும் அழித்தார். ஆரோக்கியராஜுக்குப் பகீரென்றது. மூன்று மாத உழைப்பு அந்த நிறங்களில்தான் இருந்தது. திரையில் ஓரத்துப் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. டீச்சர் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு விரித்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

"வாசிங்க அண்ணாச்சி. சத்தமா."

ஆரோக்கியராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"பேச்சி, ரெண்டாம் மோட்டார் சூடாகுது. அரை மணி நேரம் குறைச்சிருக்கேன். இங்க நல்ல மழை. சாப்பிட்டியா?

"அண்ணே, இங்க மழை. யானை இறங்கியிருக்கு. வெளிய வராதீங்க.

"பேச்சி, பதிலே காணோம். வேலையோ?

"அண்ணே, நேத்து நான் எழுதுனத எதுக்கு அழிச்சீங்க?

"பேச்சி, உன் மவன் படிப்பப் பத்தி நான் சொன்னது தப்புன்னா நேரா சொல்லு. நான் எழுதுறதையெல்லாம் அழிச்சா எப்படி?

"அண்ணே, காய்ச்சலா கிடக்கேன். நீங்க ஒரு வார்த்தை கேக்கல."

ஆரோக்கியராஜ் நிறுத்தினார். இருவரும் ஒரே கோப்பில், ஒருவர் வரிக்குக் கீழே மற்றவர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை. மறுபடி திறந்தபோது தாங்கள் எழுதியதே தங்களுக்குத் தெரியவில்லை. ஓரத்துப் புள்ளியைத் தொட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மற்றவர்தான் அழித்துவிட்டார் என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள்.

"முடிக்கலையே" என்றார் டீச்சர்.

ஆரோக்கியராஜ் கடைசி வரியை வாசித்தார்.

"பேச்சி, இனி நான் எழுதல. மோட்டார் ஆறு மணிக்கு."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. குறிப்புகளில் இருந்த தேதிப்படி முதல் குறிப்பிலிருந்து அதுவரை பன்னிரண்டு நாள். கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியராஜுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரு வரிதான் டீச்சர். இப்பமே மாத்திருதேன்."

"மாத்துங்க."

மாற்றினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கோப்பை மறுபடி திறந்தபோது குறிப்புகள் எல்லாம் விரிந்தே இருந்தன.

"சரியாயிட்டு."

"ஏடு சரியாயிட்டு" என்றார் செண்பகவல்லி. "அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டுட்டு நானும் சும்மா இருந்துட்டேன். எனக்கும் இதுல பங்கு உண்டு."

"பட்டியல்லேர்ந்து என் பேர எடுத்துருங்க டீச்சர்."

"எடுத்துட்டா, மலைக்கு யாரு போவா?"

ஆரோக்கியராஜ் சனிக்கிழமை மலையேறினார். தண்ணீர் இலாகா ஜீப்பில் கெஞ்சிக் கூத்தாடி இடம் பிடித்தார். கீழ் பம்ப் ஹவுஸில் திருத்திய ஏட்டைப் போட்டுவிட்டு, பேச்சிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னார். காய்ச்சலில் பேச்சிமுத்துவின் கன்னம் ஒட்டியிருந்தது. திட்டுவார் என்று ஆரோக்கியராஜ் காத்திருந்தார். பேச்சிமுத்துவோ, "சீக்கிரம் மேல போங்க சார். ஜீப்ப விட்டுராதீங்க" என்று விரட்டினார்.

மேல் பம்ப் ஹவுஸில் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே ஞானதுரை ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியராஜ் வயதுதான் இருக்கும். வந்தவருக்குப் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். திருத்திய ஏட்டைப் போட்டதும் பன்னிரண்டு நாளும் திரையில் விரிந்தன. ஞானதுரை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். காய்ச்சல் என்ற வரியில் விரல் நின்றுவிட்டது.

"அப்ப, அவன் அழிக்கலையா?"

"இல்ல. நான்தான் மறைச்சுட்டேன்."

ஞானதுரை கீபோர்டை இழுத்து ஒற்றை விரலால் தட்டினார். ஆரோக்கியராஜ் பின்னால் நின்று பார்த்தார்.

'பேச்சி, காய்ச்சல் விட்டுதா? இப்பதான் பாத்தேன்.'

பதில் வருவதற்குள் ஜீப்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். மலைக்குப் போனதைச் சொல்ல வாயெடுத்தார். அவளுக்கு வேறு ஒரு அழைப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் தாம் மாற்றிய அந்த ஒற்றை வரியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதினார். அவர் நிரலில் எழுதிய முதல் குறிப்பு அதுதான்.

'இங்கே குறிப்புகளை மடக்கி வைத்தேன். பேச்சிமுத்துவும் ஞானதுரையும் பன்னிரண்டு நாள் ஒருவரையொருவர் இழந்தார்கள். தப்பு என்னுடையது. இதைப் படிக்க யாரும் வருவார்களா தெரியாது. ஆரோக்கியராஜ்.'

எல்லாரும் பார்க்கும் ஏட்டின் மூலக் கோப்புக்கு அதை அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனார். காலையில் வடித்த சோறு அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மணி மூன்று இருக்கும்.

திரையில் அவருடைய குறிப்புக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

'படிச்சேன் அண்ணாச்சி. சாப்பிட்டீங்களா? செண்பகவல்லி.'