விளக்கை அணைக்கிற பட்டன்

எங்க மடத்துக் காரு கதைய ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. மடத்தம்மா டயரைத் தொட்டாங்க, காத்து தானா ஏறிருச்சுன்னு கூட ஒருத்தி சொல்லிட்டுத் திரியறா. அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. அன்னைக்குப் பின் சீட்டுல உக்காந்திருந்தவ நான். நடந்தத நடந்தபடி சொல்றேன்.

மடம் ஜவ்வாது மலை மேல இருக்கு. மடத்தம்மாவுக்கு அப்ப நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். சீடரு தணிகாசலம் ஐயாவுக்கு அறுபது. தன்னவிட சின்னவங்க கால்ல விழறாரேன்னு ஊருக்குள்ள பேசுவாங்க. அவரு அதக் காதுல வாங்குனதே இல்ல. அம்மாவும் அவர ‘ஐயா’ன்னுதான் கூப்பிடுவாங்க. ஐயாவுக்குச் சொந்த ஊரு மலைக்குக் கீழ நாட்றம்பள்ளி. தோல் கம்பெனியில மிஷினெல்லாம் பாத்துக்குற வேலையில இருந்தவரு.

காரு வந்த கதையச் சொல்லணுமே. பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்த சந்தோஷத்துல ஒருத்தரு மடத்துக்கு எழுதிக் குடுத்தாரு. பெரிய காரு. ஏழு பேரு உக்காரலாம். உள்ள டிவி மாதிரி ஒண்ணு. தலைக்கு மேல கண்ணாடிக் கூரை, பட்டனத் தட்டுனா திறந்துக்கும். “மேல எதுக்கு ஓட்டை?”ன்னு அம்மா கேட்டாங்க. “வானம் பாக்கறதுக்கும்மா”ன்னாரு அந்த மனுஷன். “வெளிய வந்தா தெரியுமே”ன்னு சொல்லிட்டு அம்மா போயிட்டாங்க.

கார்த்திகை தீபத்தன்னைக்கு அந்தக் கூரைய மூட மறந்துட்டாங்க. குரங்குக் கூட்டம் உள்ள எறங்கி, ஒரு தூக்குப் பஞ்சாமிர்தத்தையும் காலி பண்ணிருச்சு. ஒண்ணு ஸ்டியரிங் முன்னாடி உக்காந்து ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கு. பூசைக்கு வந்தவங்கெல்லாம் யாரோ மந்திரி வந்துட்டாருன்னு எந்திரிச்சு நின்னுட்டாங்க. நான் சிரிச்ச சிரிப்புல எனக்கு மூச்சு வாங்கிருச்சு.

சரி, அத விடுங்க.

அந்தக் கார ஐயாதான் பாத்துக்கிட்டாரு. முதல் வெள்ளிக்கிழமை பூசையில சந்தனம் குங்குமம் எடுத்து எல்லா இடத்துலயும் பொட்டு வச்சாரு. பின்னாடி இருக்கிற கேமராவுக்கும் வச்சுட்டாரு. ரிவர்ஸ் எடுத்தா டிவியில ஒரே செவப்பு! அதுக்கப்புறம் நல்லாவே கத்துக்கிட்டாரு. தினமும் தொடைப்பாரு. டயருக்குக் கூட பாலிஷ் போட்டு மினுக்குவாரு. முகம் பாக்கலாம் அதுல.

மினுக்குவாரே தவிர, குனிஞ்சு டயரு நடுவுல என்ன இருக்குன்னு பாத்ததில்ல.

அவருக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். காவி. தைப்பூசத்தன்னைக்கு அம்மா கையால காவி வாங்கிக் கட்டணும். எங்க மடத்துல அதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. காவி கட்டப் போறவங்க, அந்தத் துணிய வீட்டுல இருக்கவங்க கையால வாங்கிட்டு வரணும். பெத்தவளோ, பொண்டாட்டியோ, யாரு இருக்காங்களோ அவங்க. “போயிட்டு வா”ன்னு அவங்க மனசாரக் குடுத்தாதான் அது காவி. இல்லன்னா வெறும் துணி.

ஐயா துணி கொண்டாந்துட்டாரு. “என் சம்சாரம் சுலோச்சனா குடுத்தா”ன்னாரு. அம்மா வாங்கிப் பாத்துட்டு, அவருகிட்டயே திருப்பிக் குடுத்தாங்க.

“பூசம் வரைக்கும் வண்டியிலயே இருக்கட்டும்.”

பூசத்துக்கு முதல் நாள் காலையில பூ வாங்கத் திருப்பத்தூரு கிளம்புனோம். எனக்கு முட்டிவலித் தைலம் வாங்கணும்னு நானும் ஏறிக்கிட்டேன். அந்தத் தைலத்த எனக்குச் சொன்னது என் சம்பந்தியம்மா. அவங்களுக்கு முட்டி சரியாச்சு, எனக்கு ஆகல. அவங்களுக்கு எதுதான் சரியாகாம போயிருக்கு.

அம்மா முன் சீட்டுல. ஐயா வண்டிய எடுக்காம சாவிய கையில வச்சுக்கிட்டே கேட்டாரு.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கய்யா.”

“காலையில கண்ண மூடி உக்காந்தா மனசு அடங்கிருது. சாயங்காலம் பாத்தா மறுபடியும் பழையபடி. இவ்வளவு நாளாகியும் அப்படியேதான் இருக்கு. நாளைக்குக் காவி கட்டிட்டா அடங்கிருமா?”

அம்மா பெல்ட்ட இழுத்து மாட்டிக்கிட்டாங்க.

“வண்டிய எடுங்கய்யா.”

ரெண்டு வளைவு எறங்கியிருப்போம். ஸ்டியரிங்குக்குப் பின்னாடி மஞ்சளா ஒரு விளக்கு எரிஞ்சுது. ஐயா கைய கீழ விட்டு ஏதோ ஒரு பட்டன அழுத்திப் பிடிச்சாரு. ‘டிங்’னு ஒரு சத்தம். விளக்கு அணைஞ்சிருச்சு.

“என்னங்கய்யா அது?”

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்ச நாளா அப்பப்ப எரியும். அமுக்குனா போயிரும்.”

அம்மா தலைய ஆட்டுனாங்க. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். சாமை அறுப்பு முடிஞ்ச கொல்லையில மாடு மேஞ்சுக்கிட்டிருந்துச்சு.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இடது பக்கமா இழுக்க ஆரம்பிச்சிருச்சு. இடது பக்கம் பள்ளம். ஐயா ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க வலிச்சுப் பிடிக்கிறாரு. அவரு கழுத்து நரம்பு புடைக்கிறது பின் சீட்டுலேர்ந்து எனக்குத் தெரியுது. ‘முருகா’ன்னு கத்திட்டேன். வளைவுல கட்டைச் சுவருகிட்ட போய் வண்டி நின்னுச்சு.

அம்மா முதல்ல எறங்குனாங்க.

முன்னாடி இடது டயரு சப்பாத்தி மாவு மாதிரி தரையில பரவி உக்காந்திருந்துச்சு. மேல பாலிஷ் மட்டும் பளபளன்னு.

ஐயா டிக்கியத் திறந்து ஸ்டெப்னியத் தொட்டுப் பாத்தாரு. அதுலயும் காத்து இல்ல. வண்டி வந்த நாள்லேர்ந்து அத யாரும் தொட்டதே இல்லயாம்.

அம்மா டயரு பக்கத்துல குத்த வச்சு உக்காந்தாங்க.

“ஐயா, அந்த மஞ்ச விளக்கு எதுக்கு எரியும்?”

“டயர்ல காத்து குறைஞ்சா எரியும்மா.”

“பட்டன அமுக்குனா காத்து ஏறுமா?”

“ஏறாதும்மா.”

“பின்ன என்ன ஆகும்?”

ஐயா மிஷின் தெரிஞ்ச மனுஷன். பொய் சொல்ல வாய் வரல.

“இப்ப எவ்வளவு காத்து இருக்கோ, அதுதான் சரியான அளவுன்னு வண்டி எடுத்துக்கும். இன்னும் குறைஞ்சாதான் மறுபடியும் எரியும்.”

“அப்ப மறுபடியும் அமுக்குவீங்க.”

“ஆமாம்மா.”

“ம்.”

அம்மா டயர விரலால தடவிக்கிட்டே வந்தாங்க. ஓரிடத்துல விரலு நின்னுச்சு. ஒரு ஆணி. தலை தேஞ்சு, டயரோட டயரா வெள்ளி மாதிரி மின்னுச்சு. எத்தனை நாளா குத்தியிருந்துச்சோ.

எனக்குப் பொறுக்கல. “ஐயா, குறடு இருந்தா பிடுங்கிப் போட்டுருங்க, சனியன”ன்னேன்.

“பிடுங்கக் கூடாது ஆயா. இது ட்யூப் இல்லாத டயரு. ஆணிதான் ஓட்டைய அடைச்சுக்கிட்டிருக்கு. இங்க பிடுங்குனா மிச்சமும் போயிரும். அடைக்கிறதுக்கு ஆளு இருக்கிற இடத்துலதான் பிடுங்கணும்.”

“அப்ப அந்த இடத்துக்கே போவோம்”ன்னாங்க அம்மா.

வண்டியோட குடுத்த சின்ன காத்து மிஷினு ஒண்ணு டிக்கியில பிரிக்காம கெடந்துச்சு. போன் சார்ஜ் போடுற இடத்துல சொருகி காத்தடிச்சாரு. அது போட்ட கூச்சல் மலை பூரா கேட்டுச்சு. அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து எறங்குனோம். மாட்டு வண்டியா இருந்தா முன்னாடியே போயிருக்கும்.

திருப்பத்தூரு எல்லையில ஒரு பாய் பஞ்சர் கடை. அவரு ஜாக்கி வச்சுத் தூக்கிட்டு டயர ஒரு சுத்து சுத்துனாரு.

“இன்னா சார், டயருக்கு மேக்கப்லாம் ஜோரா கீது! ஆணியோடவே குடும்பம் நடத்துனீங்களா?”

ஐயா சிரிக்கல.

பாய் குறடு போட்டு இழுத்தாரு. புஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். அம்மாடி! பாம்பு சீறுன மாதிரி. நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடிட்டேன். முட்டிவலி எங்க போச்சோ தெரியல. ஐயாவும் ரெண்டடி பின்னாடி போயிட்டாரு. பாய் நகரல. சத்தம் வர்ற இடத்துலயே கைய வச்சுக்கிட்டு, ஓட்டைய ராவி, பசை தடவுன திரிய உள்ள குத்தி எறக்குனாரு. சத்தம் சின்னதாச்சு. நின்னுச்சு. சோப்புத் தண்ணி விட்டுப் பாத்தாரு. ஒரு குமிழி வரல.

நாலு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் அளவாக் காத்தடிச்சுட்டு, “இப்ப அந்த பட்டன அமுக்கு சார்”ன்னாரு.

அம்மா ஐயாவப் பாத்தாங்க.

“இப்ப அமுக்கலாமா?”

“இப்பத்தாம்மா அமுக்கணும்.”

‘டிங்’னுச்சு.

பூ வாங்குனோம். தைலம் மருந்துக் கடையில இல்ல. கடைக்காரன் வேற ஏதோ நல்லாருக்கும்னு குடுத்தான், அதுவும் கேக்கல. ஐயா மலைப் பக்கம் வண்டியத் திருப்பப் போனாரு.

“நாட்றம்பள்ளி எந்தப் பக்கம்?”ன்னாங்க அம்மா.

ஐயா பிரேக்குல கால வச்சாரு.

“எதுக்கும்மா?”

“துணி குடுத்த கைய ஒரு தடவ பாத்துட்டுப் போவோம்.”

பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். ஐயா நகரல. ஓரமா ஒதுக்குறதுக்குக் கூட அவருக்குத் தோணல. அம்மாதான் சொன்னாங்க, “ஓரமா நிறுத்துங்கய்யா.”

நிறுத்துனாரு.

“அவ குடுக்கலம்மா. நான் கடையில வாங்குனேன்.”

“ம்.”

“அவகிட்ட நான் கேக்கவே இல்ல.”

அம்மா காத்திருந்தாங்க. நானும் வாயத் திறக்கல. எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு என் பிள்ளைங்களக் கேட்டா தெரியும்.

“எங்களுக்கு ஒரே பையன்மா. யுவராஜ். ஏரிக்குக் குளிக்கப் போனவன் வரல. அன்னையிலேர்ந்து அவ அழுதுக்கிட்டே இருந்தா. சமைக்கும்போது அழுவா. தூக்கத்துல அழுவா. நான் என்ன சொன்னாலும் நிக்கல. என்னால கேக்க முடியலம்மா. ஒரு நாள் பால் வாங்கப் போனவன், பஸ் ஏறி மலைக்கு வந்துட்டேன். அங்க அந்தச் சத்தம் கேக்கல. அடங்கிருச்சுன்னு நெனைச்சேன்.”

அம்மா கையில இருந்த மல்லிப் பூ கூடைய மடியில வச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஐயா தானாவே வண்டியத் திருப்புனாரு. நாட்றம்பள்ளி வரைக்கும் வண்டி இழுக்காம நேரா ஓடுச்சு.

சின்ன வீடு. பச்சை கேட்டு. வாசல்ல ஒரு பையனோட சைக்கிளு, அதுக்கு மேல கோணி போத்தி வச்சிருந்துச்சு. உள்ள குக்கர் விசிலு கேட்டுச்சு.

ஐயா எஞ்சின அணைச்சாரு. காவித் துணிய எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. எறங்கல.

“அம்மா.”

“சொல்லுங்கய்யா.”

“என்னப் பாத்ததும் அவ அழுவா.”

“அழுவாங்க.”

“முன்ன விட அதிகமா அழுவா. அத நான் எப்படிம்மா நிறுத்துவேன்?”

அம்மா அவரு முகத்தப் பாத்தாங்க.

“ஆணியப் பிடுங்குனப்ப அவ்வளவு சத்தம் வந்துச்சே. பாய் என்னங்கய்யா பண்ணாரு?”

குக்கரு இன்னொரு விசிலு அடிச்சுது. ஐயா துணிய சீட்டுலயே வச்சுட்டு எறங்குனாரு.