மொட்டைத் தலைகளும் மரக்குதிரையும்

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டைச் சித்திரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாக யார் வந்து காதில் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு நியாயம்.

அவருடைய மகள் கோமளவல்லிக்கு நாலு வயது நிறைந்த அன்று, மந்திரி திருமேனியார் ஒரு மரக்குதிரையைப் பரிசாகக் கொடுத்தார். குழந்தை அதைவிட்டு இறங்கவே இல்லை. சாப்பாடுகூடக் குதிரைமேல்தான்.

பொக்கிஷ அதிகாரி கோதண்டராயருக்கு அது போதுமானதாக இருந்தது. மந்திரி பதவியின்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ராஜா வெற்றிலை போடும் நேரம் பார்த்துப் போனார்.

"மகாராஜா, இன்று மரக்குதிரை ஏறும் பெண் நாளைக்கு நிஜக் குதிரை கேட்பாள். பெண் குழந்தை என்றால் தானாகவே சொப்புச் சாமானைத்தான் தேடிப்போகும். அது ரத்தத்திலேயே இருக்கிறது. மந்திரியார் வேண்டுமென்றே இளவரசியைக் கெடுக்கிறார்."

மறுநாளே முரசு அறைந்தார்கள். பெண் குழந்தைகளுக்குச் சொப்பும் பொம்மையும் மட்டுமே விற்க வேண்டும். குதிரையும் வாளும் வில்லும் ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பொம்மைகள் தலை குனிந்தே இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு தவிர வேறு நிறம் பூசக் கூடாது. இளவரசியின் குதிரையைக் கோதண்டராயரே வந்து தூக்கிக்கொண்டு போய்ப் பொக்கிஷ அறையில் பூட்டினார். குழந்தை அழவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. அன்று முழுக்கப் பால்கூட உள்ளே இறங்கவில்லை.

திருமேனியார் சபைக்கு வந்தார்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். பெண் குழந்தை தானாகவே சொப்பைத்தான் எடுக்கும் என்றால் ஆணை எதற்கு? பூனையைப் பால் குடிக்கச் சொல்லி யாரும் முரசு அறைவதில்லையே?"

சபையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாய்ச் சாமர்த்தியம் வேண்டாம். ராயர் சொன்னது தப்பென்று நிரூபியும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போம்."

திருமேனியார் ராயர் பக்கம் திரும்பினார். "விளையாடுவதைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவீரா?"

"கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்."

"திறந்துகொண்டே சொல்லும், போதும்."

சபையில் அப்படிப் பேசிவிட்டாரே தவிர, வெளியே வந்ததும் மந்திரிக்கு விரலிலிருந்த மோதிரம் கனத்தது. ராயர் பொம்மைக் கடைக்காரர்களை அதட்டப் போயிருந்த நேரத்தில், அவர் வீட்டுக்கே போய் அவருடைய மகள் குந்தலாம்பாளைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டு அவள் சிரித்தாள்.

"என் பிள்ளைகள் இரண்டும் எங்கள் அப்பா தலை மறைந்ததும் எப்படி விளையாடுகிறார்கள் என்று நீங்கள் பார்க்க வேண்டுமே. மொட்டை போடுகிற வேண்டுதல் ஒன்றும் பாக்கி இருக்கிறது. நாளைக்கே முடித்துவிடுகிறேன்."

மறுநாள் மாலை ராணியின் அரண்மனை முற்றத்தில், மொட்டை போட்ட பிள்ளைகளாகத் தேடிச் சேர்த்து, ஒரு குழந்தைக் கூட்டத்தை விட்டார்கள். எல்லாம் மொட்டைத் தலை. தலையிலும் முகத்திலும் சந்தனம். இடுப்பில் ஒரே மாதிரி வெள்ளைத் துண்டு. நடுவில் வேறொரு மரக்குதிரை, வாள், சொப்பு, பொம்மை எல்லாம் கலந்து கிடந்தன. மேல்மாடத்தில் ராஜா, மந்திரி, ராயர்.

ராயர் கையை நீட்டினார். "அதோ, குதிரைமேல் பாய்கிறானே! கடிவாளத்தைப் பிடிக்கிற பிடியைப் பாருங்கள். சேனாபதி வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும்."

"சட்டியில் கிண்டுகிறதே, அது?" என்றார் மந்திரி.

"பெண். என்ன அடக்கம்! இவளைக் கட்டப்போகிறவன் கொடுத்துவைத்தவன்."

ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். ராஜா கைதட்டினார்.

"கீழே போய்ப் பெயர் கேட்டுவிடலாமா?" என்றார் திருமேனியார்.

போனார்கள். ராஜா சட்டிக்காரியின் பக்கத்தில் குனிந்தார். "உன் பெயர் என்னம்மா?"

"அம்மா இல்லை, நான் வேங்கடநாதன்" என்றது குழந்தை. பிறகு நிமிர்ந்து பார்த்தது. "தாத்தா! பாயசம் ஆயிடுச்சு!"

ராயர் பின்வாங்குவதற்குள் குதிரைமேலிருந்து இன்னொரு "தாத்தா!" வந்தது. அது அவருடைய பேத்தி தையல்நாயகி. இறங்குகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

மற்ற குழந்தைகளையும் விசாரித்தார்கள். ராயர் சொன்னதில் சிலது சரியாகவும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொக்கிஷ அறைச் சாவியை அங்கேயே வாங்கினார். குதிரை இளவரசியிடம் போயிற்று. போன கையோடு இரண்டு கிண்ணம் பாலும் உள்ளே போயிற்று. ஆணை ரத்தானது. திருமேனியாரின் கழுத்தில் ராஜா தம் முத்துமாலையையே கழற்றிப் போட்டார்.

"எனக்கென்ன தண்டனை, மகாராஜா?" என்றார் ராயர்.

"பேரன் சமைத்து வைத்திருக்கிறான். குடியும்."

மண்ணும் தண்ணீரும் புளிய இலையும் கலந்த பாயசம். வேங்கடநாதன் இரண்டு கையாலும் சொப்பை ஏந்திக்கொண்டு நின்றான். முற்றமே பார்த்துக்கொண்டிருந்தது. ராயர் வாங்கி, ஒரு வாய் விழுங்கினார்.

"எப்படி இருக்கு, தாத்தா?"

ராயர் சந்தனம் பூசிய அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நன்றாக இருக்கிறதப்பா. இன்னும் கொஞ்சம் வெல்லம் போடலாம்."

பேரன் தலையாட்டிவிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுக் கிண்டத் தொடங்கினான்.